இரண்டே முக்கால்

ராத்திரி பதினொன்றரைக்குத்தான் ராயபுரம் கொஞ்சம் வாயை மூடும்.
அப்புறமும் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள்
கோயில் சுவரை உலுக்கிவிட்டுப் போகும்.
ஒவ்வொரு லாரியும் கடக்கும்வரை
குழலில் கைவைக்காமல் காத்திருப்போம்.

நான் ஆர்கனுக்கு உள்ளே, ஒற்றைப் பலகைமேல் குப்புற.
அண்ணன் செரூபின் வெளியே, கட்டைகளுக்கு முன்னால்.
ஒருவர் கட்டையை அழுத்திப் பிடிக்க
இன்னொருவர் குழலின் சுருதியைத் திருத்த
தனியாளால் ஆகாத வேலை இது.
ஆகுமென்றால்
போன ஆடியிலேயே ஆளுக்கொரு திக்காய்ப் போயிருப்போம்.

பனைமரத்தொட்டி வீட்டில் பாதி கேட்டு நான் போட்ட வழக்குக்கு
விடிந்தால் பத்தரைக்கு, பாரிமுனையில் வாய்தா.
அவன் அதைப் பேசுவதில்லை. நானும்.
எங்களுக்குள் மிச்சம் இரண்டு சொல்:
"பிடி."
"அடுத்தது."

உள்ளே கிடப்பவளுக்குப் பாட்டு கேட்காது.
ஒவ்வொரு குழலாய்க் காதுக்குள் கத்தும், அவ்வளவுதான்.
பென்சில் நீளத்தில் ஒன்று, ஆள் நிற்கிற பெட்டியாய் ஒன்று,
கடற்காற்றில் கால்கள் வெளுத்துப் பொடி உதிர்க்கும் ஈயக்குழல்கள்.
தும்மக்கூடாது. முழங்கை பட்டால் நசுங்கும்.
உள்ளங்கைச் சூடு பட்டாலே சுருதி ஏறிவிடும்;
தொட்டுவிட்டு, கையை எடுத்துவிட்டு,
அது ஆறட்டும் என்று இருக்க வேண்டும்.

துருத்திக்கு இந்தத் தடவை பெரியமேட்டு ஆட்டுத்தோல்.
ஒரு பக்கம் வாய்வைத்து ஊதி
மறுபக்கம் கன்னத்தை வைத்துப் பார்த்தேன்.
காற்று கசிந்தால் அது செருப்புக்குப் போகட்டும்.
"கையுறைக்கா, ஷூவுக்கா?" என்றார் ஹிதாயத்துல்லா.
"மூச்சுக்கு" என்றேன்.
இருபது ரூபாய் கூட்டிப் போட்டார்.

எஃப் ஷார்ப் பேசவில்லை.
கட்டையை அழுத்தினால் ஒரு பெருமூச்சு.
கழற்றி டார்ச் அடித்தேன். வாயை அடைத்து மண்,
விரல்விரலாய், வழவழவென்று, குளவிக்கூடு.
"கூடு கட்டியிருக்கு" என்று கத்தினேன்.
குளவி கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை பிறக்குமென்பார்கள்.
வெளியிலிருந்து, நாலு மாதத்தில் முதல்முறையாக
மூன்றாவதாய் ஒரு சொல்:
"ஃபாதருக்கா?"

சிரித்ததில் தூசி தொண்டைக்குள் போய்
பலகையோடு நான் ஆட
பக்கத்துக் குழல்கள் கிணுகிணுத்தன.
பிறகு இரண்டு பேருக்கும் நினைவு வந்துவிட்டது.
"பிடி."

ஒரே சுரத்துக்கு இரண்டு குழல்.
சற்றே விலகி நின்றால் இரண்டும் மோதி
வவ்வவ்வவ்வென்று காற்று துடிக்கும்.
தகர வளையத்தை மேலே ஒரு தட்டு, கீழே அரைத் தட்டு.
துடிப்பு மெல்ல மெல்ல நீளும், சோம்பும்,
ஒரு கட்டத்தில்
எது எதன் குரல் என்று தெரியாது.
"அடுத்தது."

கடைசி வரிசை மட்டும் வேறு.
அதை அடுத்த வரிசையோடு ஒட்டவிடக்கூடாது.
ஒரு மயிரிழை ஏற்றியே வைக்க வேண்டும்,
அந்த அலைச்சலுக்காகவே செய்த குழல்கள் அவை.
ஒட்டிப்போனால் அந்த வரிசைக்கு வேலையே இல்லை.
நொடிக்கு மூன்று அலை என்றான் அவன்.
இரண்டரை போதும் என்றேன்.
மூன்றுதான் கணக்கு.
இரண்டரைதான் காதுக்கு.
ஒரு லாரி போனது. இன்னொன்று.
இரண்டே முக்காலில் விட்டோம்.

இறங்கும்போது மணி மூன்றே முக்கால்.
காசிமேட்டுக்கு ஐஸ் வண்டிகள் சொட்டிக்கொண்டு போகத் தொடங்கியிருந்தன.
ரசீதில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் பணம்.
அவன் பேனா எழுதவில்லை.
என்னுடையதைக் கொடுத்தேன்.
அதில் அச்சடித்திருந்த என் வக்கீல் பெயரை
மஞ்சள் பல்பில் சாய்த்து நிதானமாய்ப் படித்தான்,
கையெழுத்துப் போட்டான்,
பழக்கத்தில் சட்டைப்பையில் செருகிக்கொண்டான்.

நான் கேட்கவில்லை.
பத்தரைக்கு எப்படியும் பார்க்கத்தானே போகிறோம்.